மேட்டூர் மட்டம் தெரியும், மதகு யார் கையில்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் காவிரிப் படுகை முழுக்க ஒரே கேள்விதான்: மேட்டூரில் எத்தனை அடி? அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, வழக்கப்படி திறக்கும் நாள் ஜூன் 12 என்பதையெல்லாம் இங்கே யாரும் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகமும் இந்தப் படுகையின் கடைமடைதான். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று காலை எட்டு மணிக் கணக்கு தொலைக்காட்சியின் அடியில் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்டது 7 டிஎம்சி என்பதும், அது நடைமுறையில் காரைக்காலின் பங்கு என்பதும் ஊரறிந்தவை. இத்தனையும் தெரிந்த ஒரு விவசாயி என்ன செய்ய முடியும்? நாற்றங்காலை இந்த வாரம் விடுவதா அடுத்த வாரமா, இல்லை நேரடி விதைப்புக்கே போய்விடுவதா என்று முடிவெடுக்கலாம். தண்ணீர் வரவழைக்க முடியாது. அது தமிழ்நாட்டின் ஆறுகள் வழியாக, தமிழ்நாட்டின் மதகுகளைத் தாண்டி வந்தாக வேண்டும். தகவல் மேட்டூரிலிருந்து நொடியில் வந்துவிடுகிறது. மதகின் திருகு வேறு யார் கையிலோ இருக்கிறது.

தகவல் போய்ச் சேர்ந்தால் மனிதர் நிலை தானாக உயரும் என்பது நம் காலத்தின் பெரிய நம்பிக்கைகளில் ஒன்று. அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் செயலி எழுதும் நிறுவனங்களும் அதன்மேல்தான் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. அந்த நம்பிக்கையை எடுத்து வைத்துத் தட்டிப் பார்க்கும் வேலையைச் செய்யும் துறை ஒன்று கணினி அறிவியலின் ஓரத்தில் வளர்ந்திருக்கிறது. சமூகக் கணிமை என்பது அதன் பெயர். மனிதர்கள் கூடி வேலை செய்யும் இடத்தில், பேசி வாழும் இடத்தில் கணினி நுழைந்தால் என்ன ஆகிறது என்பதே அதன் கேள்வி. 1984இல் ஐரீன் கிரீஃபும் பால் காஷ்மனும் கூட்டிய ஒரு சிறு பட்டறையில் கணினி வழிக் கூட்டு வேலை என்ற பெயரோடு இதன் ஒரு கிளை முளைத்தது. 1986இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் முதல் மாநாடு நடந்தது. அதற்கு இரண்டாண்டு கழித்து ஜோனதன் குரூடின், அலுவலக மென்பொருள்கள் ஏன் படுத்துவிடுகின்றன என்று கேட்டு ஒரு விடை சொன்னார். கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் மென்பொருளை எடுத்துக்கொண்டார். அதனால் லாபம் கூட்டத்தைக் கூட்டுகிற மேலாளருக்கு. தன் நாட்குறிப்பை நாள்தோறும் அதில் பதிந்து வைக்கும் கூடுதல் வேலையோ கீழே இருப்பவருக்கு. உழைப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓடாது. இதைச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டுமா என்று தோன்றலாம். பல்லாயிரம் கணினிகள் தூசி படிந்து கிடந்த பிறகும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் நிலைமை.

இந்தத் துறையில் ஒரு முனைவர் பட்ட ஆய்வு நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியையே ஒரு களமாகக் கொண்டது. செய்தவர் ஜானகி ஸ்ரீனிவாசன். டெல்லி ஐஐடியில் இயற்பியலில் முதுகலை, பெங்களூரு ஐஐஐடியில் தகவல் தொழில்நுட்பத்தில் முதுகலை, பிறகு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தகவல் பள்ளியில் முனைவர் பட்டம் என்பது அவருடைய கல்விப் பாதை. 2011இல் முடித்த ஆய்வை வளர்த்தெடுத்து எழுதிய நூலை எம்ஐடி பதிப்பகம் 2022இல் வெளியிட்டது. இயற்பியல் படித்தவர் கிராமத்துத் தகவல் மையத்தில் வந்து உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று கவனிப்பது சிலருக்கு வினோதமாகப் படலாம். நம் பக்கத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. காரைக்காலுக்கு வடக்கே அதிகத் தொலைவில்லாத சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். புத்தகத்தைக் காப்பாற்றி வைப்பதைவிட வாசகனிடம் கொண்டுசேர்ப்பதே நூலகத்தின் வேலை என்ற நோக்கை அவர் விதிகளாகவே 1931இல் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்ததும் அவரே. பெர்க்லியின் தகவல் பள்ளியும் ஒரு பழைய நூலகப் பள்ளியின் வழித்தோன்றல்தான். ஆக இந்தக் கேள்வி ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. படுகையின் மண்சாலையில் மாடு பூட்டி ஏற்கெனவே ஓடியிருக்கிறது.

ஜானகி ஸ்ரீனிவாசன் எடுத்துக்கொண்ட களங்கள் மூன்று: கேரளத்தின் மீன் சந்தை, ராஜஸ்தானின் தகவல் உரிமைப் போராட்டம், புதுச்சேரிக் கிராமங்களின் தகவல் மையங்கள். மூன்றுக்கும் பொதுவாக அவர் சொல்லும் வாதத்தை எளிமையாக இப்படிச் சுருக்கலாம்: தகவலை மூட்டை கட்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பக்கூடிய அரிசிபோல நினைப்பது தவறு. எது தகவல் என்று யார் தீர்மானிக்கிறார்கள், எந்த வடிவத்தில் தருகிறார்கள், யார் வாயால் அது சொல்லப்படுகிறது, கேட்டவருக்கு அதை வைத்து எதிர்க்கேள்வி போட இடமிருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு மதிப்பைத் தருகின்றன. எனக்கு இந்த வாதம் சரியென்று படுகிறது. போலகம் போன்ற ஊருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும் என்றும் படுகிறது. ஆனால் அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை லேசானவை அல்ல. அவற்றைத் தாண்டித்தான் வர வேண்டும்.

முதலில் புதுச்சேரி. 1998 ஜனவரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையமான ஐடிஆர்சியின் உதவியோடு, புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. இணையம் என்ற சொல்லே நகரத்தில்கூடப் பழகாத காலம். வில்லியனூரில் தலைமை மையம். எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். தொலைபேசிக் கம்பி நம்பத்தக்கதாக இல்லை என்பதால் கம்பியில்லா ரேடியோ வழியாகத் தொடர்பு, மின்வெட்டுக்குச் சூரியத் தகடு. எல்லாம் தமிழில். சந்தை விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் எந்த நாளில் வருவார் போன்றவற்றோடு, 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை ஒரு தாளும் வந்தது. இடத்தையும் ஆளையும் ஊரே தர வேண்டும், சாதி பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட வேண்டும் என்பது நிபந்தனை. கடலோர வீராம்பட்டினத்தில் நடந்ததுதான் உலகப் பத்திரிகைகளைக் கவர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழில் பேசிப் பதிந்து அனுப்ப, மீனவர்கள் கடலுக்குக் கிளம்பும் முன் ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொன்னது.

வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கணினியின் வெற்றி என்று எழுதிப் போனார்கள். சமூகக் கணிமை ஆய்வாளரின் கண் வேறிடத்தில் நிற்கும். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இருந்தது. நிபந்தனை எழுத்தில் இருக்கலாம். கோயிலுக்குள் யார் தயங்காமல் நுழைவார்கள், எந்தெந்த நாட்களில் எந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிடுவார் என்பது எழுத்துக்கு அப்பாற்பட்டது. மையத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். விவரம் திரட்டுவது, பதிவது, வருகிறவருக்கு விளக்குவது எல்லாம் அவர்கள் உழைப்பு. குரூடின் 1988இல் கேட்ட கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு தாசில்தார் அலுவலகப் படிவத்தை மையத்தில் அச்சிட்டு வாங்கிய ஒருவருக்கு, அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்று இல்லை நாளை வா என்று அனுப்பிவிட்டால், அச்சு எடுத்த கணினியால் என்ன செய்ய முடியும்? அந்தப் படிவத்துக்கு உயிர் கொடுப்பது மையத்துப் பெண்ணுக்கு அந்த அலுவலகத்தில் இருக்கும் பழக்கம். அது எந்தத் திட்ட அறிக்கையின் வரவுசெலவிலும் வராது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. 2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து, அலை உயரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் ஊரார் அபாயத்தை அறிவித்தார்கள் என்று அப்போதைய செய்திகள் கூறின. சுமார் 3,600 பேர் இருந்த ஊரில் உயிர்ப்பலி இல்லை. காரைக்கால் பகுதியில் மட்டும் 400க்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், தகவல் ஒன்றே உயிர் காத்தது என்று சொல்கிறவரை யாரால் மறுக்க முடியும்?

மறுக்க வேண்டியதில்லை. சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எண்ணிப் பார்த்தால் போதும். எச்சரிக்கை எந்தக் கணினி வழியாகவும் வரவில்லை. அந்த நாளில் இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது, ஹைதராபாத் மையம் 2007இல்தான் வந்தது. வந்தது வெளிநாட்டில் இருந்த ஒரு பிள்ளையின் குரல். அதை நம்ப வீட்டில் ஆள் இருந்தது. ஆண்டுக்கணக்கில் கடல் செய்தி சொல்லிச் சொல்லி ஊர் காது கொடுத்துப் பழகியிருந்த ஒலிபெருக்கி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டவர் கையில் ஒரு செயல் இருந்தது: ஓடுவது. அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நடந்ததை இதோடு ஒப்பிடலாம். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்த குமரி, கேரள மீனவர்களைக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து சில மைல்களோடு முடிந்துவிடும் என்பதைக் கடலுக்குப் போகிற எவரும் சொல்லியிருப்பார்கள்; அலுவலகத்தில் யாரும் அவர்களைக் கேட்டு வைக்கவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சேர்க்கும் ஜெமினி கருவி 2019 அக்டோபரில்தான் அறிமுகமானது. கரையில் இருக்கிறவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கடலில் இருக்கிறவருக்கும் சொல்லியாகிவிட்டது என்று கோப்பில் எழுதிக்கொள்வது தகவல் பரப்பல் ஆகாது.

அடுத்த மறுப்பு பொருளியலிலிருந்து வருகிறது, எண்களோடு வருகிறது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 1996 முதல் 2001 வரை வட கேரளக் கரையில் 15 மீன் சந்தைகளில் வாரந்தோறும் விவரம் எடுத்தார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டிவிட்டுப் போக இருந்தார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கூடையோடு திரும்பினார்கள். கைப்பேசி வந்தது. கரைக்கு வருமுன்பே எந்தத் துறையில் விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். வீணாகிக்கொண்டிருந்த 5 முதல் 8 விழுக்காடு மீன் கிட்டத்தட்ட மிச்சமானது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. 2007இல் வெளியான இந்த ஆய்வைப் போல மேடைதோறும் மேற்கோளான ஆய்வு இத்துறையில் குறைவு.

எண்கள் பொய்யில்லை. அவற்றை எந்த ஊருக்கும் எடுத்து ஒட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் பிழை. ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பர்ரலும் கேரளக் கரைக்கே திரும்பப் போய்ப் பார்த்து 2013இல் எழுதினார்கள். அவர்கள் கண்டது, விலை தெரிந்தவர் எல்லோராலும் விலை கூடிய துறைக்குப் படகைத் திருப்பிவிட முடியவில்லை என்பது. படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். மீன் அவர் வழியாகத்தான் ஏலத்துக்குப் போக வேண்டும். இன்னொரு துறைக்குப் போக டீசல் செலவு இருக்கிறது. அங்கே தெரிந்த ஆள் இல்லாவிட்டால் ஏலமும் கைகொடுக்காது. வேகமான பெரிய படகுக்காரருக்குக் கைப்பேசி தந்த லாபம் சின்னப் படகுக்காரருக்கு அதே அளவில் வரவில்லை. போலகத்துக்குக் கிழக்கே பட்டினச்சேரியில் இதே கேள்வியைக் கேட்க வருகிறவர், கைப்பேசியில் எத்தனை பேர் விலை பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. படகு யார் முன்பணத்தில் இறங்கியது என்று கேட்க வேண்டும். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருவில் விற்கும் பெண்ணுக்குத் துறைமுக ஏல விலை முன்கூட்டியே தெரிந்தால் அவள் கையில் காசு கூடுமா, கூடுதல் முதலுக்கு அவள் யாரிடம் போவாள் என்றும் கேட்க வேண்டும். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இத்தகைய பல சோதனைகளை நடத்திய கென்டாரோ டொயாமா, பிற்பாடு தன் அனுபவத்தை எல்லாம் திரட்டி, தொழில்நுட்பம் ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கிக் காட்டும் என்ற முடிவுக்கு வந்தார். இருக்கிறவனிடம் இருப்பைப் பெருக்கும். இல்லாதவனிடம் பெருக்க எதுவும் இல்லை.

அப்படியானால் தகவலால் ஏழைக்குப் பயனே இல்லையா? இல்லை என்று சொல்ல ராஜஸ்தான் விடாது. சென்னையில் பிறந்து, ஐஏஎஸ் பதவியை விட்டு வந்த அருணா ராய் உள்ளிட்டோர் 1990இல் தொடங்கிய உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்து கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. செய்தது சிக்கலில்லாத காரியம். சாலை, கட்டடப் பணிகளுக்கான கூலிப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயர் வந்தது. கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு வந்தது. பட்டியல் கோப்புக்குள் இருந்தவரை அது வெறும் காகிதம். ஊரார் முன், பெயருக்குரியவர் எதிரில், கையெழுத்துப் போட்டவரின் காதுபடப் படித்தபோதுதான் அது தகவலானது. பியாவரில் 1996இல் 40 நாள் உட்கார்ந்த தர்ணாவும் அதைத் தொடர்ந்த போராட்டமும் 2005இல் நாட்டுக்கே தகவல் உரிமைச் சட்டத்தைத் தந்தன. இதில் நமக்கு ஒரு குட்டும் உண்டு. தமிழ்நாடு 1997லேயே மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிவிட்டது. இந்தியாவில் அதுவே முதல். விலக்குகள் நிறைந்த அந்தச் சட்டத்தை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? கேட்கிற கூட்டம் சேராமல் வந்த சட்டம் அலமாரியில் போய் உட்கார்ந்தது.

இப்போது போலகத்துக்கு வருவோம். ஒன்றியப் பகுதியின் தலைநகர் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் செய்தியில் பெரும்பங்கு தமிழ்நாட்டுச் செய்தி. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியதைப் போலகமும் பார்த்தது. ஆனால் அது போலகத்துக்கு உரியதல்ல. அதே ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி அரசு அதே 1,000 ரூபாயை வேறு நிபந்தனையோடு தொடங்கியிருந்தது: வறுமைக் கோட்டுக்குக் கீழே, வயது 21 முதல் 55க்குள், வேறெந்த அரசு உதவியும் பெறாத குடும்பத் தலைவி. அப்போது தொகை ஒன்று, தகுதி வேறு, விண்ணப்பம் வேறு. நாகூர்ப் பெண்ணுக்குச் சரியான ஒரு வாட்ஸ்அப் செய்தி, சில கிலோமீட்டர் தள்ளி போலகத்துப் பெண்ணுக்குத் தவறு. இது வதந்தி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் உண்மை. ஆனாலும் இது நமக்கா, அவர்களுக்கா என்று பிரித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் யார் என்பதில்தான் ஊரின் அதிகாரக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை விவகாரம் அதைவிடக் கூர்மையானது. புதுச்சேரியில் சிவப்பு அட்டை வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, மஞ்சள் அட்டை மற்றவர்களுக்கு. அட்டையின் நிறமே பல உதவிகளின் வாசல். 2015 செப்டம்பரில் மத்திய அரசு சண்டிகரிலும் புதுச்சேரியிலும் உணவு தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையைப் புகுத்தியது. ரேஷன் கடையில் அரிசி வந்ததா என்பது வரிசையில் நின்றாலே தெரியும்; எடைக்கல்லைப் பார்த்துச் சண்டை போடலாம். கணக்கில் பணம் ஏறியதா என்பது கைப்பேசிக்கு வரும் ஒரு வரிக் குறுஞ்செய்தி. அந்த எண் மகனுடையது, மகன் வெளியூரில். கணக்கு எந்த வங்கியில் ஆதாரோடு இணைந்தது என்பது அம்மாவுக்குத் தெரியாது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? தகவல் முன்னைவிட வேகமாக வருகிறது, முறையிட எதிரில் ஒரு முகம் இல்லை. இந்த இடத்தில் உள்ளாட்சி என்ற ஒன்று இருந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அதில் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பத்தாண்டுகளைத் தாண்டியும் அடுத்த தேர்தல் இல்லை. பட்டியல் இணையத்தில் ஏறலாம். அதை எதிரில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஊரில் அது மேட்டூர் நீர்மட்டம் போலத்தான்.

இன்று எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே, கால் நூற்றாண்டுக்கு முந்தைய தகவல் மையங்களைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்தின் வாரணா கரும்புக் கூட்டுறவில் 1998இல் கிராமந்தோறும் கணினி வைத்தார்கள். சில ஆண்டுகளில் அது கரும்பு எடையும் பணப் பட்டுவாடாவும் பார்க்க மட்டுமே பயன்பட்டது. ராஜேஷ் வீரராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 7 ஊர்களில் கணினிக்குப் பதில் சாதாரணக் கைப்பேசிக் குறுஞ்செய்தியை வைத்துப் பார்த்தார்கள். செலவு குறைந்தது, விவசாயிகளுக்கும் பிடித்திருந்தது. கருவி மாறினால் நன்மை உண்டு, மறுப்பில்லை. ஆனால் வாரணாவில் அந்தச் செய்திக்குப் பின்னால் எடை போட்ட ஆலையும் பதில் சொல்லக் கடமைப்பட்ட கூட்டுறவும் இருந்தன. கையில் ஸ்மார்ட்போன் இருந்தும் விண்ணப்பம் போடுவதற்கு நெட் சென்டரில் வரிசை நிற்கிறதே, ஏன்? பாஸ்புக் ஜெராக்ஸைப் பார்த்து, இந்தப் பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, முதலில் அதைத் திருத்துங்கள் என்று சொல்கிற ஆள் அங்கேதான் இருக்கிறார். 1998இல் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண்கள் செய்த வேலையை இன்று அவர் செய்கிறார், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு.

கடைசியாக ஒரு முணுமுணுப்பு: இதெல்லாம் கணினி அறிவியலா? சமூகவியல்காரர் செய்ய வேண்டிய வேலைக்குக் கணினித் துறையில் எதற்கு முனைவர் பட்டம்? இப்படிக் கேட்பவர், ஒரு படிவத்தில் கைப்பேசி எண் கட்டாயம் என்று நிரல் எழுதுகிறவர் யார் என்று யோசிக்க வேண்டும். அந்த ஒற்றைக் கட்டம் யாரை வெளியே நிறுத்துகிறது என்பது நிரலாளருக்குத் தெரியாவிட்டால் அது பொறியியல் பிழை. பாலம் கட்டுகிறவருக்கு மண்ணின் தன்மை தெரியாத மாதிரி. பொதுப்பணித்துறை மண் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்குகிறது, அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. மூன்று நான்கு வருஷம் ஓர் ஊரில் உட்கார்ந்து, யார் யாரிடம் கேட்டால் வேலை நடக்கிறது என்று எழுதி வைக்கும் ஆய்வு மாணவர் செய்வதும் மண் பரிசோதனைதான். முடிவு மெதுவாக வரும், படமாகப் போட்டுக் காட்ட வண்ணமிருக்காது, மானியம் கொடுத்தவருக்குச் சங்கடமாகவும் இருக்கலாம்.

காரைக்காலுக்கு என்று ஒரு தேசிய தொழில்நுட்பக் கழகம் 2010 முதல் இயங்குகிறது. மாவட்டத்தின் வடக்கே திருவேட்டக்குடியில் அதன் வளாகம். கணினித் துறையும் ஆய்வு மாணவர்களும் அங்கே இருக்கிறார்கள். போலகம் அதே மாவட்டத்தின் தெற்கே. மொத்த மாவட்டமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிற மாணவர் யாராவது இதைப் படித்தால், ஒரு காலை வேளையில் பஸ் ஏறிப் போய்ப் போலகத்தில் இறங்குங்கள். சிவப்பு அட்டை வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம், உங்கள் ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்று கேட்டு ஆரம்பியுங்கள்.